உப்புக் காற்றும் பிஎஸ்2 டிஸ்கும்: சொந்த டிஸ்குகளை நகல் எடுத்து ஓட்ட முழு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று இந்தக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும், ஏதோ ஒரு வீட்டுப் பரணிலோ ஷோகேஸின் கீழ்த்தட்டிலோ ஒரு பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) வீடியோ கேம் பெட்டி கிடக்கும். துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ விடுமுறைக்கு வந்த யாராவது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்ததாக இருக்கும். கூடவே ஒரு கட்டு டிஸ்க். அதில் பாதி ஒரிஜினல், மீதி மதுரையிலோ ராமநாதபுரத்திலோ பிறகு வாங்கிய காப்பி.

சோனி இந்தப் பெட்டியை ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்று வெளியிட்டது. 2013 தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 15 கோடிக்கு மேல் விற்றதால் பழைய பெட்டி இன்றும் தேடினால் கிடைக்கும். சிக்கல் டிஸ்கில்தான். போனால் போனதுதான்.

இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பெட்டியை மாட் செய்வதிலிருந்து, அதாவது நகலையும் ஓட்டும்படி மாற்றுவதிலிருந்து, ஆரம்பிக்கும், டிஸ்கை நகல் எடுப்பது கடைசியில் வரும். நம் ஊருக்கு அந்த வரிசை சரிப்படாது. நகல் எடுக்கப் பெட்டியே தேவையில்லை, ஒரு கம்ப்யூட்டரும் டிவிடி டிரைவும் போதும். அதனால் முதலில் நகல், அப்புறம்தான் மாட். பெட்டி இன்று ஓடாவிட்டாலும், லென்ஸ் செத்துவிட்டிருந்தாலும், டிஸ்குகளை இந்த வாரமே காப்பாற்றி வைத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, கணினி நிரலின் ஒரு பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்துபோவதற்கும் பழுதாவதற்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: உங்கள் கையில் இருக்கும் ஒரிஜினல் டிஸ்கிலிருந்து நீங்களே எடுங்கள். அடுத்தவருக்கு ஏற்றிக் கொடுக்காதீர்கள். டிஸ்கை விற்றால் நகலையும் அழித்துவிடுங்கள். இணையத்திலிருந்து இறக்குவது இந்த வழிகாட்டிக்குள் வராது. பஜாரில் வாங்கிய காப்பி டிஸ்கும் வராது, அதை முறையாக வைத்திருப்பதாகச் சொல்ல முடியாதே.

1. டிஸ்குகளைப் பிரித்து வையுங்கள்

ஒரிஜினலா காப்பியா என்று கண்டுபிடிக்க அட்டையைப் பார்க்க வேண்டாம், அட்டையை அச்சடித்துவிடலாம். டிஸ்கைத் திருப்புங்கள். ஒரிஜினல் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். சிடியில் வந்த விளையாட்டுகளுக்கு அடிப்பக்கம் நல்ல நீலம். வீட்டில் எரித்த (கம்ப்யூட்டரில் எழுதிய) டிஸ்க் ஊதா கலந்தோ பச்சை கலந்தோ மங்கலாக இருக்கும், எழுதிய இடம் வரை ஒரு வளையம் தெரியும். நடு ஓட்டையைச் சுற்றி உள்ள கண்ணாடி வளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரிஜினலில் பொடி எழுத்தில் தொழிற்சாலைக் குறியீடு பொறித்திருக்கும்.

பிரிக்கும்போதே நீல டிஸ்குகளைத் தனியாக எடுத்து முன்னால் வையுங்கள். காரணம் இருக்கிறது. டிவிடியில் உலோகப் படலம் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. சிடியில் அப்படி இல்லை. படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம் வந்துவிடும். நகம் பட்டாலே காயம். அந்தப் பூச்சில் கீறல் விழுந்த இடம் வழியாக ஈரமும் உப்பும் நேராக உலோகத்துக்குப் போய்விடும். எல்லோரும் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், அதைக்கூடத் தேய்த்து மெருகேற்றி ஓரளவு சரிசெய்துவிடலாம். மேல்பக்கக் கீறலுக்கு வைத்தியமே கிடையாது.

பெரியபட்டினத்தில் வயதில் மூத்த காக்கா ஒருவர் நீல டிஸ்க் ஒன்றைக் கொடுத்து, "தம்பி, கீறலே இல்ல, பளபளன்னு இருக்கு, ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். ஓரத்திலிருந்து உள்ளே ஒரு விரற்கடை தூரத்துக்கு ஊசி குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள். அந்த இடங்களில் அலுமினியமே இல்லை. இப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை எல்லா டிஸ்குக்கும் செய்யுங்கள். புள்ளி தெரிபவை வரிசையில் முதலில் வரவேண்டும், ஏனென்றால் அடுத்த மழைக்காலத்துக்குள் புள்ளிகள் கூடியிருக்கும்.

2. கழுவுங்கள், ஆனால் போர் தண்ணீரில் வேண்டாம்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்த வீட்டில் எல்லாப் பொருள்மீதும் பிசுபிசுப்பாக ஒன்று படியும். உப்பும் நுண்மணலும் கலந்தது அது. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலே உப்புத்தாள் வேலை செய்துவிடும். அதனால் முதலில் கழுவித்தான் ஆகவேண்டும்.

நம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளைத் திட்டு படியும், டிரைவ் அதைக் கீறலாகவே படிக்கும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. லேசர் வட்டப் பாதையில் படிக்கிறது. குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் தாண்டிவிடும், பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை விழுங்கிவிடும். கழுவியதை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம். ஓரத்தில் பிளவு தெரியும் டிவிடியைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, ஈரத்துணி போதும்.

3. நகல் எடுப்பது

பிஎஸ்2 டிஸ்கைச் சாதாரண டிவிடி டிரைவே படித்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கோப்புகளுக்குப் பூட்டு ஏதும் இல்லை. அசல் என்று பெட்டி நம்புவதற்கான அடையாளம் டிஸ்கின் உட்பகுதியில் தனியாக இருக்கிறது. அதைச் சாதாரண டிரைவால் எழுத முடியாது. அதனால்தான் எரித்த டிஸ்கைப் பெட்டி ஏற்பதில்லை, மாட் தேவைப்படுவதும் அதனால்தான். படிப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது.

லேப்டாப்பில் இப்போது டிரைவ் வருவதில்லை. யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதிலுள்ள முழு அளவு டிரைவே மேல். மெலிந்த டிரைவுகள் கீறல் டிஸ்கில் சீக்கிரம் கைவிரித்துவிடும்.

விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது ஏற்றச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திறந்ததும் வரும் பெரிய பொத்தான்களில் டிஸ்கிலிருந்து கோப்பு உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். வலப்பக்கத்தில் டிஸ்கின் அளவும் அடுக்கும் தெரியும். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி வரை, ஈரடுக்கு 8.5 ஜிபி வரை. வேகத்தை 4 மடங்குக்கு இறக்குங்கள். முழு டிவிடிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு 16 மடங்கில் சுழற்றினால் லேசாக வளைந்த பழைய டிஸ்க் அதிர்ந்து, நல்ல இடத்தில்கூடப் பிழை காட்டும்.

டிவிடி என்றால் டிஸ்க் முழுவதும் அப்படியே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக வரும். நீல சிடி என்றால் பின், க்யூ என்று இரண்டு கோப்பாக வரலாம். அந்த இரண்டையும் மூலக் கோப்புகளாகப் பத்திரப்படுத்துங்கள். விளையாடுவதற்கு அதிலிருந்து ஐஎஸ்ஓ ஒன்று தனியாக மாற்றிக்கொள்ளலாம், பாட்டைத் தனி ட்ராக்காக வைத்திருக்கும் சில விளையாட்டுகளில் மட்டும் அந்த மாற்றத்தில் இசை விட்டுப்போகும்.

சேமிக்கும் ஹார்டு டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் வையுங்கள்.

பிழை வந்தால்

படிக்க முடியவில்லை என்று இம்ஜ்பர்ன் சொன்னால், பிழையைத் தாண்டிப் போ என்று கொடுத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் வெறும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டு போய்விடும். கோப்பு முழு அளவில் இருக்கும், பார்த்தால் குறை தெரியாது. ஆறாவது லெவலில் போய்த் தொங்கும்.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் உதவுகிறது. கம்ப்யூட்டரில் நிரந்தரமாக ஏற்ற வேண்டியதில்லை, பென்டிரைவிலிருந்தே உபுண்டுவைக் கிளப்பலாம். டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதல் சுற்றில் படிக்க முடிந்ததை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். இதில் ரொம்பவும் பயன்படும் விஷயம், மேப் கோப்பை வைத்துக்கொண்டு டிரைவையே மாற்றலாம் என்பது. உங்கள் டிரைவ் விட்ட இடத்தை நண்பர் வீட்டு டிரைவ் படித்துவிடும், அதே கோப்பில் அந்த ஓட்டை மட்டும் அடைபடும். பிளாக் அளவு 2048 பைட் என்று கொடுக்க மறக்காதீர்கள், டிவிடியின் ஒரு செக்டர் அவ்வளவுதான்.

எடுத்தது சரியா என்று தெரிந்துகொள்வது

கோப்பு வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 அல்லது ஷா1 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கெடுங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ஷா1 கோப்பின்மேல் வலது க்ளிக்கிலேயே வரும். வரும் எண்ணை ரீடம்ப் என்ற தளத்தில் அதே விளையாட்டின் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் டிஸ்குகளை எடுத்துப் பதிந்து வைத்த பட்டியல் அது, விளையாட்டுக் கோப்பு அங்கே கிடைக்காது, கணக்கு மட்டும்தான். எண் பொருந்தினால் உங்கள் நகலில் ஒரு பிட்கூடப் பிசகவில்லை.

ஒப்பிடும்போது ரீஜியன் சரியாக இருக்க வேண்டும். வளைகுடாவில் வாங்கியவை பெரும்பாலும் பிஏஎல் (PAL) என்ற ரகம், ஐரோப்பியப் பதிப்பு. டிஸ்கின் முகத்தில் இருக்கும் எண் எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்சிஇஎஸ் என்று ஆரம்பிக்கும். எஸ்எல்யுஎஸ் என்றால் அமெரிக்கா. ஒரே விளையாட்டானாலும் இரண்டுக்கும் கணக்கு வேறு. பட்டியலில் இல்லை என்றால், அல்லது பொருந்தவில்லை என்றால், டிஸ்கை வெளியே எடுத்து மறுபடி போட்டு இன்னொரு நகல் எடுங்கள். இரண்டு நகலும் ஒரே எண் தந்தால் பெரும்பாலும் சரியாகத்தான் வந்திருக்கும்.

எந்தப் பெட்டி என்று பார்ப்பது

டிஸ்குகள் பத்திரமாகிவிட்டன. இனிப் பெட்டிக்கு வருவோம்.

அடியில் உள்ள ஸ்டிக்கரில் எஸ்சிபிஹெச் என்று ஆரம்பிக்கும் ஐந்திலக்க எண் இருக்கும். 30000, 50000 வரிசை என்றால் குண்டுப் பெட்டி, பின்னால் ஹார்டு டிஸ்க் வைக்கும் அறையோடு. 70000-லிருந்து 90000 வரை ஸ்லிம். கடைசி இலக்கம் ரீஜியனைச் சொல்லும்: 0 ஜப்பான், 1 அமெரிக்கா, 3 பிரிட்டன், 4 ஐரோப்பா. கடைசியில் 1 இருந்தால் கரண்டில் சொருகும் முன் நிறுத்துங்கள். குண்டுப் பெட்டியும் 90000 வரிசையும் கரண்ட் சப்ளையை உள்ளேயே வைத்திருப்பவை. அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட் பெட்டி, நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றே கதை முடியும். 70000 வரிசை ஸ்லிம்முக்கு வெளி அடாப்டர் என்பதால், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். வளைகுடாப் பெட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

90000 வரிசையில் ஒரு குறுக்குத் தடை உண்டு. அந்த வரிசையின் பிந்தைய பெட்டிகளில், ஸ்டிக்கரில் உள்ள தேதிக் குறியீடு 8சி முதல், பெட்டி கிளம்பும்போது முதலில் ஓடும் உள் நிரலான பயாஸை சோனி மாற்றிவிட்டது. அவற்றில் வழக்கமான மெமரி கார்டு முறை நடக்காது. மாற்று வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பெட்டியை டிஸ்க் இல்லாமல் போடுங்கள். முதல் திரையில் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் பதிப்பு விவரம் வரும். டிவிடி பிளேயர் என்ற வரிக்கு நேரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட் சிப் வேண்டாமா?

வேண்டாம். ஒரு காலத்தில் பெட்டிக்குள் அந்தச் சிப்பைப் பதிப்பதுதான் முக்கிய வழி. மயிரிழை வயர்களை போர்டில் ஒவ்வொரு புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும். கடற்கரையில் அந்தப் பற்றுகள் பச்சை பூத்துவிடும். பழைய சிப் பெட்டிகள் பலவும் ஒன்றும் ஓடாமல் கிடப்பதைத் திறந்து பார்த்தால் வயர் நுனிகள்தான் போயிருக்கும். மெமரி கார்டில் ஒரு நிரலை வைத்துச் செய்யும் சாஃப்ட் மாடில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், மெமரி கார்டை உருவினால் பெட்டி பழையபடி ஆகிவிடும்.

4. மெமரி கார்டைத் தயார் செய்தல்

சோனியின் ஒரிஜினல் 8 எம்பி கார்டு வேண்டும். 64 எம்பி, 128 எம்பி என்று எழுதி மலிவாக வரும் கார்டுகளில் பல, விளையாட்டில் நாம் சேமித்துவைக்கும் சேவ்களை நடுவில் விழுங்குபவை. பெட்டியோடு வந்த கார்டே பெரும்பாலும் ஒரிஜினலாக இருக்கும், ஆனால் அதில் பழைய சேவ்கள் இருக்குமே. அவற்றை முதலில் வெளியே எடுத்துவிடலாம்.

வழி இப்படி. ஃப்ரீ டிவிடி பூட் என்ற முறை 2020-இல் வெளிவந்தது. பிஎஸ்2-வின் டிவிடி பிளேயரில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, ஒரு சாதாரண எரித்த டிவிடி மூலமே பெட்டிக்குள் நம் நிரலை ஓடவைக்கிறது. ஸ்லிம் பெட்டி என்றால் எல்லா ஸ்லிம்முக்கும் பொதுவான ஐஎஸ்ஓ ஒன்று இருக்கிறது. பெட்டியின் மொழியை ஆங்கிலத்தில் வைத்திருந்தால் போதும். குண்டுப் பெட்டி என்றால் நீங்கள் குறித்துவைத்த டிவிடி பிளேயர் எண்ணுக்கு ஏற்ற ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சில பழைய எண்களுக்கு ஆதரவு இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே தயாரான கார்டை வாங்கிவிடுவது சுலபம், ஆன்லைனில் கிடைக்கிறது.

ஐஎஸ்ஓவை டிவிடி-ஆர் டிஸ்கில் எரியுங்கள். டிவிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், பழைய லென்ஸுக்கு அதன் பிரதிபலிப்பு போதாது. குறைந்த வேகத்தில் எரித்து, முடிவில் டிஸ்கை மூடிவிட வேண்டும். இம்ஜ்பர்ன் தானாகவே மூடிவிடும்.

இன்னொரு பக்கம், ஒரு பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, மெமரி கார்டிலிருந்து பெட்டியைக் கிளப்பும் ஃப்ரீ எம்சி பூட் என்ற நிரலின் நிறுவிக் கோப்புறையை அப்படியே போடுங்கள். நகல்களை ஓட்டும் ஓப்பன் பிஎஸ்2 லோடரின் கோப்பையும் போடுங்கள், இனி இதை ஓபிஎல் என்று சொல்கிறேன். மெமரி கார்டு முதல் ஸ்லாட்டில், பென்டிரைவ் யூஎஸ்பியில்.

இப்போது ஒரு எச்சரிக்கை. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்துவிட்டால் கரண்ட் எப்போது கண்ணடிக்கும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் லைனில் பெட்டியைச் சொருகுங்கள். டிவி அணைந்தாலும் பரவாயில்லை, பெட்டி அணையக் கூடாது.

எரித்த டிஸ்கைப் போட்டுப் பெட்டியைக் கிளப்புங்கள். டிவிடி படம் ஓடப்போவதுபோலத் தொடங்கி, யூலாஞ்ச் எல்ஃப் என்ற கோப்பு உலாவியில் வந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

முதல் வேலை, பழைய சேவ்கள். வட்டப் பொத்தானால் கோப்பு உலாவிக்குள் போய் முதல் கார்டைத் திறந்தால் விளையாட்டு எண்களின் பெயரில் கோப்புறைகள் தெரியும். எல்லாவற்றையும் குறித்து, ஆர்1 அழுத்தினால் சிறு பட்டியல் வரும், அதில் காப்பி. பிறகு மாஸ் என்ற பெயரில் தெரியும் பென்டிரைவுக்குப் போய் மறுபடி ஆர்1, பிஎஸ்யு பேஸ்ட். ஒவ்வொரு சேவும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் விழும், தேதி விவரம் கெடாமல். பத்து வருடத்துக்கு முன் தம்பி கட்டி முடித்த கிரிக்கெட் டீம் அதற்குள்தான் இருக்கும். டிஸ்கைவிட அதைத்தான் வீட்டில் பெரிதாக நினைப்பார்கள்.

அடுத்து, அதே மாஸ் பகுதியில் ஃப்ரீ எம்சி பூட் நிறுவியை ஓட்டுங்கள். நிறுவும் வகை கேட்கும். சாதாரண நிறுவலை மட்டும் தேர்ந்தெடுங்கள். மல்டி இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கும், தொடாதீர்கள். எல்லாப் பெட்டியிலும் ஓடவைப்பதற்காகக் கார்டின் கோப்பு அமைப்பையே வேண்டுமென்று குலைத்துவிடும், பிறகு ஃபார்மேட் செய்வதைத் தவிர வழியில்லை. ஓரிரு நிமிடத்தில் வேலை முடியும். பெட்டியை அணைத்து, எரித்த டிஸ்கை எடுத்துவிட்டுக் கிளப்பினால் வழக்கமான முதல் திரைக்குப் பதிலாக ஃப்ரீ எம்சி பூட்டின் பட்டியல் வரும்.

தேதிக் குறியீடு இடறிய அந்தக் கடைசி ஸ்லிம்களுக்கு: ஓப்பன் டூனா என்ற மாற்று இருக்கிறது. அதன் கோப்புறையை யூலாஞ்ச் எல்ஃப் வழியாகக் கார்டில் ஒட்டிவிட்டு, பிறகு பெட்டியின் உலாவித் திரையில் கார்டைத் திறந்தாலே அது கிளம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் உலாவிக்குள் ஒருமுறை போய்வர வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

5. எதிலிருந்து ஓட்டுவது

பலரும் கைக்குக் கிடைத்த பென்டிரைவில் ஏற்றி, வீடியோ திக்குகிறது என்று விட்டுவிடுவார்கள். பிஎஸ்2-வின் யூஎஸ்பி 1.1 தலைமுறை. நொடிக்கு ஏறத்தாழ ஒரு எம்பிதான் வரும். அதன் சொந்த டிவிடி டிரைவோ நொடிக்கு 5 எம்பிக்கு மேல் கொடுக்கும். அகலப் பாதையை நம்பிச் செய்த விளையாட்டைச் சந்து வழியாக ஓட்டினால் கதைக்காட்சிகள் திக்கத்தான் செய்யும். சண்டை விளையாட்டு, கிரிக்கெட் போன்றவை யூஎஸ்பியில் சமாளிக்கும், பெரிய திறந்த உலக விளையாட்டுகள் சிரமப்படும்.

உங்களிடம் குண்டுப் பெட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஹார்டு டிஸ்க். பின் அறையில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் வேண்டும். அசல் அடாப்டர் பழைய ஐடிஇ இணைப்பு உள்ள டிஸ்குக்கானது, புதிய சாட்டா இணைப்பு டிஸ்க் வைக்க மாற்று போர்டு கிடைக்கிறது. 2 டிபி வரை வைக்கலாம். கோப்புகளைச் சும்மா இழுத்துப் போட முடியாது, டிஸ்கைப் பிரித்து வைக்க பிஎஸ்2-வுக்கென்று தனி வடிவம். கம்ப்யூட்டரில் டிஸ்கை இணைத்து எச்டிஎல் டம்ப் வகைக் கருவியால் ஏற்ற வேண்டும். எந்த டிஸ்க் என்று மூன்று தடவை பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள், தவறான டிஸ்கைச் சொல்லிவிட்டால் குடும்பப் போட்டோ எல்லாம் காலி.

ஸ்லிம்முக்கு என் தேர்வு நெட்வொர்க் கேபிள். பின்னால் லான் போர்ட் இருக்கிறது, 100 எம்பிபிஎஸ். யூஎஸ்பியைவிட நல்ல வேகம் கிடைக்கும். பழைய லேப்டாப்பை நேரடியாக ஒரு கேபிளால் இணைத்து, இரண்டுக்கும் கையால் ஐபி கொடுங்கள்: பெட்டிக்கு 192.168.1.10, லேப்டாப்புக்கு 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0. லேப்டாப்பில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதற்குள் சிடி, டிவிடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு கோப்புறைகள். ஐஎஸ்ஓக்களை ரகம் பார்த்துப் போடுங்கள். ஓபிஎல் அமைப்பில் நெட்வொர்க் பகுதியில் லேப்டாப்பின் ஐபியும் பகிர்ந்த பெயரும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும்.

இதில் ஒரு முள். ஓபிஎல் பேசுவது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு. புதிய விண்டோஸில் அதைப் பாதுகாப்புக்காக அணைத்து வைத்திருக்கிறார்கள், காரணத்தோடுதான். வங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைத் திறந்துவிடாதீர்கள். இணையமே இல்லாமல் ஒதுக்கிவைத்த பழைய லேப்டாப், அல்லது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போதும்.

மெமரி கார்டு ஸ்லாட்டில் செருகும் எஸ்டி கார்டு அடாப்டரும் ஒன்று இருக்கிறது, எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்று பெயர். யூஎஸ்பியைவிட வேகம், கேபிளைவிட மெதுவு. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்க இடமில்லாதவர்களுக்கு நல்ல சமரசம். இரண்டாவது ஸ்லாட் போய்விடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

யூஎஸ்பிதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு: ஓபிஎல்லின் புதிய பதிப்புகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும். பழைய பதிப்பு என்றால் ஃபேட்32-தான், 4 ஜிபியைத் தாண்டும் விளையாட்டை யூஎஸ்பி யூட்டில் என்ற கருவியால் துண்டாக்கிப் போட வேண்டும். எப்படியானாலும் கோப்பு டிஸ்கில் சிதறாமல் ஒரே தொடராக இருக்க வேண்டும். பழைய கோப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதைப் போட்டால் சிதறும். ஃபார்மேட் செய்து, ஒவ்வொன்றாக ஏற்றுவது நேரம் எடுத்தாலும் தலைவலி இல்லை.

6. ஓபிஎல்லில் ஓட்டுவது, ஓடாவிட்டால் பார்ப்பது

முதல் தடவை ஓபிஎல்லை யூலாஞ்ச் எல்ஃபிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். சரியென்றால் கோப்பைக் கார்டுக்கு மாற்றி, ஃப்ரீ எம்சி பூட்டின் அமைப்பில் பட்டியலில் சேர்த்துவிடலாம். அமைப்பில் எந்த வழியைத் தானாகத் தொடங்க வேண்டும் என்று குறித்துச் சேமிக்க வேண்டும். சேமிக்காமல் வெளியே வந்தால் மறுநாள் பட்டியல் காலியாக நிற்கும்.

விளையாட்டின் பெயர்மேல் முக்கோணம் அழுத்தினால் அதற்கான தனி அமைப்பு. அங்கே ஆறு மோடுகள் இருக்கின்றன. கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் முதலில் மோட் 1, அது டிஸ்க் படிக்கும் வேகத்தை அசல் டிரைவைப்போலக் கட்டுப்படுத்தும். பிறகு 2, 3 என்று ஒவ்வொன்றாக. மோட் 4 வீடியோக்களைத் தாண்டிவிடும், கதை போய்விடும் என்பதால் கடைசிப் புகல். எல்லாவற்றையும் சேர்த்து ஆன் செய்வது பலனில்லை. வெள்ளைத் திரையில் நின்றால் பெரும்பாலும் மோடு காரணம் இல்லை, யூஎஸ்பியில் கோப்பு சிதறியிருக்கும் அல்லது பென்டிரைவே சரியில்லை.

அதே இடத்தில் விஎம்சி என்று மெய்நிகர் கார்டு ஒன்றை உருவாக்கலாம். சேவ்கள் 8 எம்பி கார்டுக்குப் பதில் உங்கள் ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பாக இருக்கும். கார்டு நிரம்பிவிட்டது என்று பழைய சேவ்களை அழித்த காலம் முடிந்தது. சில விளையாட்டுகள் இதோடு ஒத்துப்போகாது, அவற்றுக்கு மட்டும் அசல் கார்டு.

பெட்டியும் டிஸ்கும் இருக்கும் இடம்

நகல் எடுத்தாயிற்று என்று ஒரிஜினலைத் தூக்கிப் போடக் கூடாது. உங்கள் பேக்கப்புக்கு ஆதாரமே அதுதான். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. ஷூ பெட்டியில் வருவதே போதும், நிறம் மாறும் ரகம் கிடைத்தால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே பிளாஸ்டிக் தகடு வளைந்துவிடும்.

பெட்டியை உபயோகிக்காத நாளில் மேலே துணி போடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள், காற்று உள்ளே போகவேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் சூட்டில் போய்விடும்.

ஐஎஸ்ஓக்களையும் பிஎஸ்யு கோப்புகளையும் எம்டி5 பட்டியலோடு இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று கடலோரத்தில் இருந்தால் இன்னொன்று மதுரையிலோ பரமக்குடியிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை சொருகி, எம்டி5 மறுபடி எடுத்து, பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாறியிருக்கும் கோப்பை மற்ற டிஸ்கிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம்.